சிக்னல் அறும் மலைக்கு ஏற்ற மென்பொருள் எது?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறும் சாலை வெள்ளிமலையில் போய்ச் சேர்கிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலை வட்டத்துக்கு வெள்ளிமலைதான் தலைமையிடம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சரிவுகளிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. செல்பேசிக் கோபுரத்தின் அலைக்கு நடுவில் ஒரு முகடு குறுக்கிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் ஊருக்கு சிக்னல் மெலிந்துபோகும், இல்லையேல் அடியோடு அற்றுவிடும். ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். இதை எதிர்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. முதலாவது எல்லோரும் பேசுவது: இன்னும் கோபுரங்கள் கட்டுவது. இரண்டாவது அதிகம் பேசப்படாதது: இணைப்பு அறுந்துபோகும் என்பதை முதல் நாளிலேயே கணக்கில் வைத்து மென்பொருளை எழுதுவது. கணினித் துறை தன் சொந்த வேலைக்கு, அதாவது நிரல் எழுதும் வேலைக்கு, இருபது ஆண்டுகளாக இந்த இரண்டாவது வழியைத்தான் கையாண்டு வருகிறது. ஆனால் மலைவாழ் மக்களுக்கென்று செயலிகளை எழுதும்போது அதே துறை அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறது. நிரலும் அதன் மாற்ற வரலாறும் அடங்கிய மென்பொருள் களஞ்சியங்களைத் தொலைவில் உள்ள சர்வரோடு பின்னணியில் ஒத்திசைத்து வைக்கும் சிறு சேவைகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அந்தப் பாடம் என்ன, அதன் எல்லை எது என்று இரண்டும் தெளிவாகும். தரவைக் கொண்டுவந்து சேர்ப்பது இயந்திரத்தின் வேலை. வந்ததை ஏற்பது மனிதரின் வேலை. இந்தக் கோட்டை அழிக்காத ஒத்திசைவே மலைக்கும் சமவெளிக்கும் பொருந்தும் என்பதே இங்கே முன்வைக்கும் வாதம்.

ஒரு மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதும்போது யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்ற வரலாறு முழுவதையும் காத்துவைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கான கருவிகளுக்குப் பதிப்பு மேலாண்மைக் கருவிகள் என்று பெயர். 1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ் இவற்றில் முன்னோடி. பின்னால் வந்த சிவிஎஸ், 2000-ல் தொடங்கிய சப்வெர்ஷன் ஆகியவை பலர் தொலைவிலிருந்து சேர்ந்து வேலை செய்ய வழி செய்தன. ஆனால் அவற்றில் வரலாறு ஒரே ஒரு சர்வரில்தான் இருக்கும். எழுதுபவரின் கணினியில் இருப்பது அன்றைய நிலையின் பிரதி மட்டுமே. ஒரு மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டுமா, போன மாதம் அந்த வரி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமா, சர்வரைக் கேட்டாக வேண்டும். இணைப்பு இல்லையென்றால் பதிவும் இல்லை, பழைய வரலாறும் இல்லை. நகரத்து அலுவலகத்தில் கேபிள் மாட்டிய மேசைக்கு இது ஒரு குறையாகத் தெரியாது. வெள்ளிமலையிலோ அதே மலையின் கரியாலூரிலோ அமர்ந்து எழுதும் ஒருவருக்கு இது வேலையையே நிறுத்திவிடும் குறை.

2005-ல் லினக்ஸ் கருவகத்தை எழுதுவோர் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் உரிமம் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் மாற்றாக ‘கிட்’ என்ற கருவியை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 அன்று கிட்டின் நிரலே கிட்டுக்குள் பதிவானது. ஜூனில் வெளியான லினக்ஸ் 2.6.12 கிட்டைக் கொண்டு நிர்வகிக்கப்பட்ட முதல் வெளியீடு. உலகின் பல மூலைகளில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் நேரில் பாராமல் வேலை செய்வோருக்காக எழுதப்பட்டதால், கிட்டின் அடிப்படை விதியே வேறாக இருந்தது. களஞ்சியத்தை ஒருமுறை நகலெடுத்தால் வழக்கமாக அதன் முழு வரலாறும் உங்கள் கணினிக்கு வந்துவிடும். பதிவு செய்வது, பழையதைப் பார்ப்பது, புதுக்கிளை பிரிப்பது, இரண்டு கிளைகளை இணைப்பது எல்லாமே உங்கள் வட்டிலேயே நடக்கும். மற்றவர்களோடு பரிமாறிக்கொள்ளும்போது மட்டுமே இணைப்பு தேவை. பல இலட்சம் பதிவுகள் கொண்ட லினக்ஸ் கருவகத்தின் கிட் வரலாறு அதை முழுமையாக நகலெடுத்த ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்கிறது. சர்வர் ஒன்று எரிந்துபோனாலும் அந்த வரலாறு அழியாது.

இப்படிப் பிரிந்து கிடக்கும் பிரதிகள் பிறகு ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கிட் தன்னிடம் வரும் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு, 40 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையை உண்டாக்குகிறது. உள்ளடக்கத்தில் ஒரு கால்புள்ளி மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். ‘கமிட்’ எனப்படும் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் கைரேகையைத் தன்னுள் வைத்திருப்பதால், வரலாறு ஒரு தொடராகக் கோக்கப்பட்டுவிடுகிறது. ஒத்திசைவின்போது நடக்கும் உரையாடல் மிகச் சுருக்கமானது. சர்வர் தன்னிடம் உள்ள கிளைகளின் நுனிக் கைரேகைகளைச் சொல்லும். உங்கள் கணினி, ‘இது எனக்கு வேண்டும், இவை என்னிடம் ஏற்கெனவே இருக்கின்றன’ என்று பட்டியலிடும். இரண்டுக்கும் பொதுவான புள்ளி எது என்று தெரிந்தவுடன், அதற்குப் பிறகு வந்தவற்றை மட்டும் சுருக்கி, ஒரே பொட்டலமாகக் கட்டி சர்வர் அனுப்பும். ஒரு வாரம் தொடர்பில்லாமல் இருந்துவிட்டு வந்தாலும், அந்த ஒரு வாரத்து மாற்றம் மட்டுமே பயணம் செய்யும். வந்த பொருளின் கைரேகையை உங்கள் கணினியே மறுபடி கணக்கிட்டுச் சரிபார்ப்பதால், வழியில் சிதைந்த தரவு உள்ளே நுழைய முடியாது.

இந்த உரையாடலை மனிதர் நினைவு வைத்துத் தொடங்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் பின்னணிச் சேவை பிறந்தது. 2017-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் நிரலை கிட்டுக்குக் கொண்டுவந்தபோது, அந்தக் களஞ்சியத்தில் சுமார் 35 இலட்சம் கோப்புகளும் 300 ஜிபி தரவும் இருந்தன. காலையில் வந்து உட்கார்ந்து புதிய மாற்றங்களைக் கேட்டால், அவை வந்துசேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதனால் பின்னணியில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வைக்கும் ஏற்பாட்டை அங்குள்ள பொறியாளர்கள் செய்தார்கள். அந்த அனுபவம் 2020 இறுதியில் வெளியான கிட் 2.29, 2.30 பதிப்புகளில் ‘மெயின்டெனன்ஸ்’ என்ற கட்டளையாக எல்லோருக்கும் கிடைத்தது. ஒருமுறை அதைத் தொடங்கிவைத்தால், கணினியின் நேர அட்டவணைக் கருவி மணிக்கொருமுறை தொலைக் களஞ்சியத்தைத் தொட்டுப் புதியவற்றைக் கொண்டுவந்து வைத்துவிடும். எல்லாக் கணினிகளும் மணி அடித்ததும் ஒரே நொடியில் சர்வரின் கதவைத் தட்டினால் அது திணறும் என்பதால், ஒவ்வொரு கணினியும் தனக்கென ஏதோ ஒரு நிமிடத்தைத் தேர்ந்துகொள்ளும் மாற்றம் பிற்பாடு சேர்க்கப்பட்டது. கல்வராயன் மலையில் சில நாட்கள் கொட்டும் மழையைக் கோமுகி அணை தேக்கிவைத்து, வெயில் நாளில் வயலுக்கு விடுவதைப் போன்றதுதான் இது: சிக்னல் வரும்போது இழுத்துத் தேக்கிவைத்தால், சிக்னல் இல்லாதபோதும் வேலை நடக்கும்.

இந்தச் சேவையில் என் கவனத்தை ஈர்ப்பது அதன் வேகம் இல்லை, அதன் அடக்கம். பின்னணியில் வரும் பதிவுகளை கிட் வழக்கமான இடத்தில் வைப்பதில்லை. ‘ப்ரீஃபெட்ச்’ என்று தனியாக ஒதுக்கிய மூலையில் வைக்கிறது. தொலைக் களஞ்சியம் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களிடம் இருக்கும் குறி அப்படியே நிற்கும். நீங்களாகக் கேட்கும்போதுதான் அது நகரும். தரவு ஏற்கெனவே வந்துவிட்டதால் நொடியில் நகரும். இப்படிச் சுற்றிவளைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தொலைவில் உள்ள ஒரு கிளையை மேலெழுதும்போது பிறர் வேலை அழிந்துவிடாமல் காக்க கிட்டில் ஒரு பாதுகாப்பு உண்டு. ‘நான் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே அந்தக் கிளை இருந்தால் மட்டும் மேலெழுது’ என்பது அதன் நிபந்தனை. நீங்கள் பார்த்தீர்களா என்பதை கிட் அந்தக் குறியை வைத்தே முடிவு செய்கிறது. ஏதோ ஒரு பின்னணி நிரல் உங்களுக்குத் தெரியாமல் குறியை நகர்த்திவிட்டால், நண்பரின் புதிய வேலையை நீங்கள் பார்த்துவிட்டதாக கிட் நம்பிவிடும். உங்கள் கட்டளை அதன்மேல் ஏறி அழித்துவிடும். கிட்டின் கையேடே இந்த ஆபத்தைப் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. 2.30 பதிப்பில், வந்த பதிவுகளை நீங்கள் உண்மையிலேயே உங்கள் வேலையோடு சேர்த்துக்கொண்டீர்களா என்று கூடுதலாகச் சரிபார்க்கும் வசதியும் வந்தது. தரவு என் கணினிக்கு வந்துவிட்டது என்பதும், அதை நான் அறிந்துகொண்டேன் என்பதும் வேறு வேறு. நல்ல பின்னணிச் சேவை முதலாவதைச் செய்து, இரண்டாவதை என்னிடம் விட்டுவிடும்.

கோபுரங்களும் ஒளியிழையும் வந்தபின் இதற்கெல்லாம் என்ன தேவை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 4ஜி சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுசெல்ல 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஒளியிழை இணைப்புத் தரும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணியை, அதற்கென்றே அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் செய்துவருகிறது. இவை வேகமாக முடிய வேண்டும்; அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் கோபுரம் நிற்பதும் இணைப்பு நிற்காமல் கிடைப்பதும் ஒன்றாகிவிடாது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தூர வைஃபை மூலம் இணைக்கும் பணியைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2000-களின் நடுவில் செய்தார்கள். தேனியில் இருக்கும் மருத்துவர் ஊரில் இருக்கும் நோயாளியிடம் திரையில் பேச முடிந்தது. அந்த வலையமைப்புகளைப் பராமரித்த அனுபவத்தை அவர்கள் 2008-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது, பழுதுகளுக்குப் பெரும் காரணமாகச் சுட்டியது அலைவரிசையை அன்று, மின்சாரத்தின் தரத்தை. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கருவிகள் பழுதாயின, நினைவட்டைகள் சிதைந்தன. மலைச் சாலையில் மரம் விழுந்து கம்பி அறுவதும், மண் சரிந்து கேபிள் துண்டாவதும் இதோடு சேரும். கோபுரம் இணைப்புள்ள ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டும். அறுந்த நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு மென்பொருள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பின்னணியில் ஓடும் எதுவும் தரவையும் பேட்டரியையும் தின்னும் என்பது அடுத்த மறுப்பு. நாளுக்கு இவ்வளவு ஜிபி என்று ரீசார்ஜ் செய்து, அதையும் வீட்டில் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், கேட்காமல் இழுக்கும் செயலி ஒரு சுமைதான். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது; கிட்டின் பின்னணிப் பணியே இதற்கு ஒரு எடுத்துக்காட்டு. தான் பேசுவது அளவில்லா அலுவலக இணைப்பிலா, அளவு வைத்த செல்பேசி இணைப்பிலா என்று அது பார்ப்பதில்லை. நேரம் வந்தால் ஓடும். ஆனால் தீர்வு வேறிடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல், ‘வைஃபை கிடைத்தால் மட்டும்’, ‘சார்ஜில் இருந்தால் மட்டும்’ என்று பின்னணிப் பணிக்கு நிபந்தனை போட செயலி எழுதுவோருக்கு வசதி உண்டு. அந்த நிபந்தனையைப் பயனரின் கையில் கொடுப்பது எழுதுபவரின் பொறுப்பு. மறுபக்கமும் பார்க்க வேண்டும். கிட்டில் ஒரு பெரிய களஞ்சியத்தை முதல்முறை நகலெடுக்கும்போது நடுவில் இணைப்பு அறுந்தால், வழக்கமான முறையில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, மறுபடி முதலிலிருந்துதான். அறும் இணைப்பில் இப்படி வீணாகும் தரவுக்கு அளவில்லை. முதல் பிரதியைக் கீழே கள்ளக்குறிச்சியில் எடுத்து, ‘பண்டில்’ எனப்படும் ஒற்றைக் கோப்பாக்கி, பென்டிரைவில் மேலே கொண்டுபோய், அதன்பின் பின்னணிச் சேவை சிறு சிறு துண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டால் மொத்தச் செலவு குறையும். அறுந்தாலும் இழப்பது கடைசித் துண்டு மட்டுமே.

இரண்டு இடத்தில் ஒரே பதிவை இரண்டு பேர் மாற்றிவிட்டால் எது சரி என்பது இன்னும் ஆழமான மறுப்பு. ஒரே சர்வர் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது என்பார்கள். சிக்கல் எழாமல் போவதில்லை. இணைப்பில்லாதவரின் மாற்றம் பதிவாகவே இல்லை என்பதால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே. தொடர்பு கிடைத்தவரின் சொல் மட்டும் நிற்கும். கிட் இதை மறைப்பதில்லை. இருவரும் பிரிந்து சென்ற பொதுப் புள்ளியை எடுத்து, அங்கிருந்து இவர் என்ன மாற்றினார், அவர் என்ன மாற்றினார் என்று வரிவரியாக ஒப்பிடும். வெவ்வேறு இடத்து மாற்றங்களைத் தானே சேர்த்துவிடும். ஒரே வரியை இருவரும் தொட்டிருந்தால் நின்று, இரண்டையும் அருகருகே காட்டி, மனிதரைக் கேட்கும். கவுச்டிபி என்ற தரவுத்தளம் தற்காலிகமாக ஒன்றை முன்னிறுத்தினாலும், மோதலில் தோற்ற பிரதியையும் தீர்வு காணும்வரை வைத்திருக்கிறது. இயந்திரம் தானே சேர்த்ததும் பொருளளவில் பிழையாக அமையலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பதிவேட்டில் ஒருவர் குடும்பத் தலைவரின் பெயரைத் திருத்த, இன்னொருவர் அதே குடும்பத்தை வேறு ஊருக்கு மாற்றினால், வரிகள் மோதாது. ஆனாலும் உள்ளூர் அறிந்த ஒருவர் பார்த்தால்தான் தவறு புரியும். ஏற்கும் முடிவை மனிதரிடம் விட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

ஒத்திசைவை நம்பியவர்கள் மறக்கக் கூடாத ஒரு நிகழ்வு 2013 மார்ச்சில் நடந்தது. கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் 1,500-க்கும் மேற்பட்ட கிட் களஞ்சியங்கள் ஒரு முதன்மைச் சர்வரில் இருந்தன. உலகின் பல இடங்களில் இருந்த கண்ணாடிச் சர்வர்கள் அதைப் பார்த்துத் தம்மைத் தாமே ஓயாமல் ஒத்திசைத்துக்கொண்டிருந்தன. பாதுகாப்புப் புதுப்பிப்புக்காக முதன்மைச் சர்வரை நிறுத்தித் தொடங்கியபோது அதன் கோப்பு முறைமை சிதைந்திருந்தது. களஞ்சியங்களின் பட்டியலும் சிதைந்துபோக, கண்ணாடிச் சர்வர்கள் அந்தச் சிதைந்த பட்டியலை உண்மை என்று எடுத்துக்கொண்டு, தம்மிடம் இருந்த நல்ல களஞ்சியங்களைத் தாமே நீக்கத் தொடங்கின. ஒரே ஒரு சர்வரில் நல்ல பிரதி எஞ்சியிருந்ததால் எல்லாம் மீண்டன. ஒத்திசைவு காப்புப் பிரதி ஆகாது என்ற பாடத்தை அன்று பலரும் கற்றார்கள். நான் இதிலிருந்து எடுப்பது இன்னும் ஒரு படி மேலே. அங்கே பிரதிகள் பல இருந்தன. முடிவு ஒன்றுதான் இருந்தது. ‘நீக்கு’ என்ற செய்தி வந்தபோது எந்தச் சர்வரும் சந்தேகப்படவில்லை, யாரையும் கேட்கவில்லை. சேர்ப்பதைத் தானாகச் செய்யலாம்; அழிப்பதைத் தானாகச் செய்யக் கூடாது. வழக்கத்துக்கு மாறாகப் பெரிய அளவில் எதுவும் காணாமல் போகிறது என்றால் நின்று மனிதரை அழைக்க வேண்டும். முழுமையைச் சரிபார்க்காமல் எதையும் பிரதியெடுக்கக் கூடாது. கேடிஇ நிகழ்வைப் பின்னணிச் சேவையே வேண்டாம் என்பதற்குச் சான்றாகச் சிலர் காட்டுவார்கள். அது காட்டுவது, எல்லை மீறிய பின்னணிச் சேவை வேண்டாம் என்பதையே.

இதெல்லாம் நிரல் எழுதுவோரின் கவலை, மலைவாழ் மக்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்திய வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் சென்னை ஐஐடி உள்ளிட்ட எட்டு நிறுவனங்களை இணைத்த எர்நெட், தொலைபேசி வழியே அவ்வப்போது தொடர்பு கொண்டு, சேர்த்துவைத்த அஞ்சல்களை மொத்தமாகக் கைமாற்றியே தொடங்கியது. 2000-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுர வட்டத்தில் டாக்நெட் என்ற முயற்சி நடந்தது. பேருந்தில் பொருத்திய வைஃபை கருவி, ஊரைக் கடக்கும்போது அங்குள்ள கணினியிடமிருந்து நிலப்பதிவுக்கான கோரிக்கைகளை வாங்கிக்கொண்டு, வட்டத் தலைமையிடம் வந்ததும் ஒப்படைத்து, திரும்பும்போது பதிலைக் கொண்டுசென்றது. 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே என்ற கட்டற்ற கருவியில், களப்பணியாளர் படிவத்தைச் செல்பேசியிலேயே நிரப்பி வைக்கலாம். தொடர்பு கிடைக்கும்போது அது போய்ச் சேரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் ஒரு பணியாளரைக் கல்வராயன் மலையின் ஒரு பள்ளத்தில் நிறுத்தி எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்தத்தை அளந்துவிட்டார். திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் நிற்கவில்லை. காகிதத்தில் குறித்து, மாலையில் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து மறுபடி தட்டச்சு செய்வார். வேலை இரட்டிப்பாகும், எண் ஒன்று மாறினாலும் நோயாளிக்குத்தான் கேடு. வன உரிமைக் கோரிக்கை, சாதிச் சான்று, பள்ளி வருகைப் பதிவு என்று எதை எடுத்தாலும் இதே நிலை உருவாகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த விஷச் சாராய மரணங்களை அடுத்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. அடிப்படை வசதிகள் அங்கே இன்னும் எவ்வளவு எட்டவில்லை என்பது அதில் பொதுவெளிக்கு வந்தது. சேவைகள் செயலிக்குள் நகர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், இணைப்பில்லாமல் ஓடாத செயலியும் எட்டாத வசதிதான்.

அந்தரங்கம் பற்றிய கவலையையும் இங்கே தள்ளிவிட முடியாது. கிட்டைப் போல எல்லோரிடமும் முழுப் பிரதி என்பது நிரலுக்குப் பொருந்தும். மருத்துவப் பதிவுக்குப் பொருந்தாது. தொலைந்துபோன ஒரு செல்பேசியில் மலை முழுவதன் நோய் விவரம் இருக்கக் கூடாது. அதனால் பணியாளரின் கருவியில் அவர் பொறுப்பிலுள்ள குடும்பங்களின் பதிவு மட்டும், அதுவும் குறியாக்கம் செய்யப்பட்டு இருக்க வேண்டும். அவர் எழுதிய புதிய பதிவுகள் அவர் பெயரிலேயே, தனிக் கிளையாக, தானாக மேலே செல்லலாம். யாருடைய பழைய பதிவையும் அவை அழிக்காது. மேலிருந்து வரும் திருத்தங்கள் ஒதுக்கிய மூலையில் காத்திருக்கலாம். அவர் பார்த்து ஏற்றபின் பதிவேட்டில் சேரட்டும். கிட்டிலிருந்து எடுக்க வேண்டியது அந்தக் கருவியை அப்படியே அன்று, அதன் ஒழுங்கை.

இந்த ஒழுங்கைக் கற்றவர்கள் இந்த மண்ணிலேயே உருவாகிறார்கள் என்பது நம்பிக்கை தருகிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுகளுக்கு மேலாக கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்துவருகிறது. கள்ளக்குறிச்சியும் 2019 வரை அதே மாவட்டம்தான். கிட்டைத் தன் மடிக்கணினியில் பழகும் ஒரு மாணவர், இணைப்பு இல்லாமலும் வேலை நடக்கும் என்பதை அனுபவத்தில் அறிகிறார். நாளை அவர் எழுதும் செயலியில் அந்த அறிவு இருக்கும். ஆனால் தனிமனிதரின் அறிவை மட்டும் நம்பி இருக்க முடியாது; விதியாக எழுத வேண்டும். அரசு ஒரு செயலிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே சில சோதனைகளை அதில் சேர்க்கலாம். செல்பேசியை ஏரோபிளேன் மோடில் வைத்து ஒரு நாள் முழுவதும் பதிவு செய்ய முடிகிறதா? பாதியில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? எவ்வளவு தரவு செலவாகிறது, எப்போது செலவாகிறது என்று பயனரால் கட்டுப்படுத்த முடிகிறதா? இருவர் ஒரே பதிவை மாற்றினால் இரண்டும் காட்டப்படுகின்றனவா? சர்வரில் ஒரு பதிவு தவறுதலாக நீங்கினால், களத்தில் இருக்கும் பிரதியும் சேர்ந்து அழிந்துவிடாமல் நிற்கிறதா? இந்தச் சோதனையைச் சென்னையின் அலுவலகத்தில் நடத்திவிட்டுக் கையெழுத்திடாமல், மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் கல்வராயன் மலையில் நடத்த வேண்டும். கருவிகளும் அனுபவமும் இருபது ஆண்டுகளாக இருக்கின்றன; கட்டற்ற மென்பொருள் என்பதால் பெருமளவு இலவசமாகவும் கிடைக்கின்றன. மலைமேல் இருப்பவர் சிக்னலைத் தேடி அலைய வேண்டும் என்ற நிலையை மாற்ற இவை போதும். இனி வேண்டியது, அவற்றைக் கட்டாயமாக்கும் ஓர் அரசாணை.